எட்டு எண்ணுவதற்குள் பந்தை விடணும்!

மதுராந்தகம் ஏரிப் பக்கமாக இருக்கட்டும், கூவத்தூரில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்ள மணல் மைதானமாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் போட்டி நடக்கும் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் பாக்கி. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் கைக்கு நேராக ஒரு பந்து உருண்டு வருகிறது. குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து. அவரோ அதைப் பாய்ந்து பிடித்து, நெஞ்சோடு அணைத்து, குப்புறப் படுத்துக்கொள்கிறார். பிறகு மெதுவாக எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டி, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, தன் அணிக்காரர்கள் எல்லாரையும் "முன்னாடி போ, முன்னாடி போ" என்று கையசைத்து அனுப்பி...

"யோவ் ரெஃப்ரி, கையில வாட்ச் இருக்கா இல்லையா?" என்று ஓரத்திலிருந்து சத்தம் வரும். ரெஃப்ரியிடம் வாட்ச் இருக்கும். இத்தனை வருஷமாக அவரிடம் இல்லாதது, துணிந்து ஊதக்கூடிய ஒரு விதி.

2025 ஜூலை 1-ம் தேதியிலிருந்து அது அவர் கையில் இருக்கிறது. ஃபுட்பால் விதிகளை எழுதும் சர்வதேச அமைப்பான ஐஃபாப், அந்த ஆண்டு மார்ச்சில் பெல்ஃபாஸ்ட் நகரில் கூடி முடிவெடுத்தது. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கலாம், ஆனால் எட்டு வினாடிதான். தாண்டினால் எதிரணிக்குக் கார்னர் கிக். கடைசி ஐந்து வினாடிகளை ரெஃப்ரி கையை உயர்த்தி, ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்ட வேண்டும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தச் சின்ன மாற்றத்துக்கு வந்து சேர ஃபுட்பாலுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு ஒலிம்பிக் அரையிறுதியே இதனால் புரண்டது.

முதலில் ஒரு கேள்வி. கோல்கீப்பருக்கு ஆட்டத்தை நிறுத்தும் சலுகையை ஏன் கொடுத்தார்கள்? அவர் பந்தைப் பிடித்ததும் மற்றவர்கள் காலை நீட்டக் கூடாது, விலகி நிற்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்?

உயிர்தான் காரணம். 1931 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் செல்டிக் அணியின் கோல்கீப்பர் ஜான் தாம்சன், பாய்ந்து வந்த எதிரணி வீரரின் காலடியில் பந்துக்காக விழுந்தார். தலையில் அடி. அன்று இரவே இறந்துபோனார். வயது 22. 2006-ல் செல்சீ அணியின் பீட்டர் செக்குக்கு ஒரு முழங்கால் பட்டு மண்டை ஓடு உடைந்தது. பிழைத்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தலையில் கவசம் இல்லாமல் அவர் மைதானத்தில் இறங்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு துயரம் உண்டு. 2004 டிசம்பர் 5, பெங்களூருவில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் அன்று தன் இரண்டாவது கோலை அடித்த கணத்தில் மோகன் பகான் கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவே இல்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை வென்றது. ஆனால், அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் யாரும் கோப்பையைப் பற்றிப் பேசுவதில்லை. கோல் முகத்தில் ஒரு பந்துக்காக இரண்டு பேர் ஒரே வேகத்தில் வரும்போது, கோல்கீப்பருக்கு மட்டுமல்ல, எதிரில் வருபவருக்கும் ஆபத்துதான். 'கையில் வந்துவிட்டதா, எல்லாரும் நிறுத்துங்கள்' என்ற விதி இருவரையும் காப்பாற்றுகிறது.

ஆக, சலுகையில் தவறு இல்லை. அதை வைத்து வியாபாரம் பண்ணியதுதான் பிரச்சினை.

வியாபாரம் உச்சத்துக்குப் போனது 1990-ல், இத்தாலி உலகக் கோப்பையில். அந்தக் காலத்தில் தன் அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தையும் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். எடுத்து, தட்டி, மறுபடி பக்கத்து ஆளுக்கு உருட்டி, அவர் திருப்பித் தர, மறுபடி எடுத்து... அயர்லாந்துக்கும் எகிப்துக்கும் நடந்த ஆட்டத்தில் அயர்லாந்து கோல்கீப்பர் பேக்கி பானர் கையிலேயே பந்து மொத்தம் ஆறு நிமிடம் போல இருந்தது என்று பிறகு கணக்குப் போட்டார்கள். முடிவு 0-0 என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உலகக் கோப்பை முழுவதும் 52 ஆட்டங்களில் விழுந்தவை 115 கோல்கள். ஆட்டத்துக்குச் சராசரி 2.21. எந்த உலகக் கோப்பையிலும் சராசரி இதைவிடக் கீழே போனதில்லை.

1992 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் டென்மார்க், ஜெர்மனியை 2-0 என்று வென்றது. டென்மார்க் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல் அன்று எத்தனை முறை பின்பக்கம் வந்த பந்தை அள்ளி அணைத்தார் என்பதைப் பழைய வீடியோவில் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த சில வாரங்களிலேயே 'பேக் பாஸ்' விதி வந்துவிட்டது. சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தந்தால் கையால் தொடக் கூடாது. ஃபுட்பால் வரலாற்றில் ஒரே விதியால் ஆட்டத்தின் முகமே மாறியது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எதிரணி அடித்த பந்தைப் பிடித்தபிறகு? அதற்கு முன்பெல்லாம் 'நான்கு அடி' கணக்கு. பந்தோடு நான்கு அடிக்கு மேல் நடக்கக் கூடாது. நடக்காமல் நின்றால்? நிற்கலாம். 2000-ல் அடிக் கணக்கை எடுத்துவிட்டு ஆறு வினாடி என்று வைத்தார்கள். மீறினால் தண்டனை, அதே இடத்தில் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதாவது, நேராக கோலுக்குள் அடிக்க முடியாது, இன்னொருவர் மேல் பட்டுப் போகலாம். அது எடுக்கப்படும் இடம் கோலுக்கு எதிரே பதினெட்டு அடி தூரமாகக்கூட இருக்கும். கிட்டத்தட்ட பெனால்டி மாதிரி.

இங்கேதான் விதி செத்தது.

ஏழாவது வினாடியில் ரெஃப்ரி ஊத வேண்டும். ஊதினால் ஒரு கோல் தானமாகப் போகும். ஒரு வினாடி தாமதத்துக்கு ஒரு கோலா? மனசாட்சி உள்ள எந்த ரெஃப்ரியும் தயங்குவார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த யார் முன்வருவார்? அதனால் எட்டானாலும் பன்னிரண்டானாலும் பேசாமல் இருந்தார்கள். பதினைந்தானால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையசைத்தார்கள். கோல்கீப்பர்களுக்கும் இது தெரியும். புத்தகத்தில் விதி, மைதானத்தில் ஓய்வு.

அந்த உறக்கத்திலிருந்து விதி ஒரு தடவை பெரிய மேடையில் எழுந்தது. எழுந்த விதம்தான் பயங்கரம்.

2012 ஆகஸ்ட் 6, லண்டன் ஒலிம்பிக்ஸ். மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் மகளிர் அரையிறுதி. ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் கனடா. கனடா கேப்டன் கிறிஸ்டின் சின்க்ளேர் மூன்று கோல் அடித்திருந்தார். மூன்று முறை கனடா முந்த, இரண்டு முறை அமெரிக்கா எட்டிப் பிடித்திருந்தது. 3-2. பன்னிரண்டு நிமிடம் போல பாக்கி. வென்றால் கனடாவுக்கு முதல்முறையாக ஒலிம்பிக் இறுதி ஆட்டம்.

கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தைப் பிடிக்கிறார். எழுகிறார். அடிக்க இடம் பார்க்கிறார். ரெஃப்ரி கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதுகிறார். ஆறு வினாடி தாண்டிவிட்டது!

மைதானத்தில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. புரிந்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் ஆபி வாம்பாக். மெக்லியோட் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் ரெஃப்ரி காதில் விழும்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்ததாக அவரே பிறகு சொன்னார். இடைவேளையில் லைன்ஸ்மேன் 'தாமதம் பண்ணாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்ததாக மெக்லியோடும் சொன்னார். அது எச்சரிக்கையா, அறிவுரையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃப்ரீ கிக்கில் மேகன் ரபினோ அடித்த பந்து, சுவராக நின்ற கனடா வீராங்கனை ஒருவர் கையில் பட்டது. பெனால்டி. வாம்பாக் அடித்தார், 3-3. கூடுதல் நேரமும் முடிந்து, காயத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி 4-3. அமெரிக்கா இறுதிக்குப் போய்த் தங்கம் வாங்கியது. கனடாவுக்கு வெண்கலம். ஆத்திரத்தில் ரெஃப்ரியைப் பற்றிப் பேசிய சின்க்ளேருக்குப் பிறகு நான்கு ஆட்டத் தடை.

ரெஃப்ரி செய்தது தவறா? புத்தகப்படி தவறே இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அநேகமாக யாரும் ஊதாத விதியை அரையிறுதியின் கடைசிக் கட்டத்தில் ஊதினால் அது நீதியாகத் தெரியாது, லாட்டரியாகத்தான் தெரியும். அதன்பிறகு ரெஃப்ரிகள் இன்னும் பயந்தார்கள். விதி திரும்பவும் உறங்கப் போயிற்று.

இதே தலைவலியை இன்னொரு விளையாட்டு நூறு வருஷத்துக்கு முன்பே அனுபவித்திருக்கிறது. வெயிலுக்குப் பழகிய செங்கல்பட்டுக்காரர்களுக்கு அது கொஞ்சம் தூரத்துச் சமாச்சாரம்தான். ஐஸ் ஹாக்கி.

பனித்தரையில் காலில் சறுக்குக் கத்தி கட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதில் 'பக்' என்று ஒரு கெட்டி ரப்பர் வில்லை. அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். கோல்கீப்பர் தலை முதல் கால் வரை மெத்தை கட்டிக்கொண்டு நிற்பார். பக் தன்னிடம் வந்ததும் கையுறைக்குள் பிடித்தோ, மேலே விழுந்து மூடியோ அசையாமல் செய்துவிடுவார். இதற்கு 'ஃப்ரீஸ்' என்று பெயர், உறைய வைப்பது. உடனே விசில். ஆட்டம் நிற்கும். நிற்காவிட்டால் அந்த வில்லையைத் தோண்டி எடுக்க ஐந்து பேர் மட்டையோடும் கத்திக் காலோடும் கீழே கிடப்பவர் மேல் பாய்வார்கள்.

ஆரம்பத்தில் கோல்கீப்பர் கீழே விழவே கூடாது என்றுதான் வைத்திருந்தார்கள். நின்றபடியே தடுக்கணும். ஒட்டாவா அணியில் கிளின்ட் பெனடிக்ட் என்று ஒரு கெட்டிக்காரர். முழங்கால் தானாக மடங்கிவிட்ட மாதிரி விழுவார். கேட்டால் 'வழுக்கிவிட்டது'. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர், பிரார்த்தனை பென்னி. கடைசியில் 1918 ஜனவரியில் லீக் தோற்றுப்போய், விழுந்துகொள்ளுங்கள் என்று விதியையே மாற்றியது.

விழ அனுமதித்தார்கள், ஆனால் சும்மா விடவில்லை. பக்கை உறைய வைத்தால் அடுத்த ஆட்டத் தொடக்கம் அந்த கோல்கீப்பரின் கோலுக்குப் பக்கத்து வட்டத்தில்தான். இரண்டு அணியிலும் ஒவ்வொருவர் எதிரெதிரே நிற்க, நடுவர் பக்கைப் போடுவார். அதாவது, எதிரணி வாசலிலேயே நிற்கும். மூச்சு விட ஒரு இடைவெளி கிடைக்கும், ஆனால் ஆபத்து அப்படியே இருக்கும். இதற்கு மேலும், எதிராளி யாரும் நெருக்காதபோது ஆட்டத்தை நிறுத்துவதற்காகவே பக்கை அமுக்கினால், ஆட்டத்தைத் தாமதப்படுத்திய குற்றத்துக்கு இரண்டு நிமிடத் தண்டனை. வேடிக்கை என்னவென்றால், கோல்கீப்பர் வெளியே போக மாட்டார். அவருக்குப் பதிலாக அணியில் இன்னொருவர் போய்த் தண்டனைப் பெட்டியில் உட்காருவார். தொழில்முறை அணிகள் முதல் அமெரிக்கக் கல்லூரி அணிகள் வரை இதுதான் அடிப்படை. நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து வந்த சாதாரண அடியைக்கூட உறைய வைத்து, களைத்துப்போன தன் ஆட்களை மாற்றிக்கொள்ளும் தந்திரத்துக்கு 2019-ல் என்.ஹெச்.எல். ஒரு பூட்டும் போட்டது. அப்படி நிறுத்தினால் ஆள் மாற்றம் கிடையாது. எந்தப் பக்க வட்டத்தில் தொடங்குவது என்பதையும் எதிரணியே முடிவு செய்யும்.

(இதெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு: இந்தியப் பெண்கள் 2025-ல் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் வெண்கலம் வாங்கினார்கள். லடாக்கின் உறைந்த குளங்களில் பழகியவர்கள் அந்த அணியின் முதுகெலும்பு.)

ஃபுட்பால் இத்தனை வருஷம் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். ஐஸ் ஹாக்கியில் ஆட்டத்தை நிறுத்த ஒரு விலை கொடுக்க வேண்டும். அது சின்ன விலை, ஆனால் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும். ஃபுட்பாலில் ஒன்று விலையே இல்லை, அல்லது வீட்டை விற்கும் விலை. நடுவில் ஒன்றும் கிடையாது.

கார்னர் கிக் அந்த நடு விலை. நூறு கார்னரில் மூன்றோ நான்கோதான் கோலாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ரெஃப்ரி பயமில்லாமல் ஊதலாம். கோல்கீப்பருக்கும் அது உறைக்கும். முன்னிலையில் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில், எதிரணியின் உயரமான ஆட்கள் எல்லாரும் கோல் முகத்தில் வந்து நிற்க யார் விரும்புவார்கள்? (மான்செஸ்டர் அரையிறுதியில் ரபினோ அடித்த ஒரு கோல், கார்னரிலிருந்து யார் மேலும் படாமல் நேராக உள்ளே போனது. மூன்று நான்கு சதவீதம் என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை.) ஆறை எட்டாக்கி இரண்டு வினாடி தாராளமும் காட்டினார்கள். விரலை மடக்கிக் காட்டுவதால் 'எனக்குத் தெரியாது' என்ற பேச்சும் இல்லை. 2012-ல் வாம்பாக் எண்ணிய கணக்கை இப்போது ரெஃப்ரியே மைதானம் முழுக்கத் தெரியும்படி எண்ணுகிறார்.

அறிமுகத்துக்கு முன் நடந்த சோதனை ஆட்டங்களில் தண்டனை கொடுக்க வேண்டிவந்தது விரல்விட்டு எண்ணும் தடவைதான். கை உயர்ந்ததுமே பந்து பறந்துவிட்டது. சரியான தண்டனைக்கு அதுதான் அடையாளம், பெரும்பாலும் அது தேவைப்படாது.

மற்ற விளையாட்டுகளும் தங்கள் தங்கள் விலையை வைத்திருக்கின்றன. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தபோது எழும்பூர் ஸ்டேடியத்துக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். ஹாக்கி கோல்கீப்பர் பந்தை உடம்பால் தடுக்கலாம், தட்டிவிடலாம், அதன் மேல் படுத்துக்கொள்ள மட்டும் முடியாது. படுத்து மறைத்தால் பெனால்டி கார்னர். நிச்சயமாக விழ வேண்டிய கோலை அப்படி மறைத்திருந்தால் பெனால்டி ஸ்ட்ரோக். வெண்கலம் வென்ற அந்த இந்திய அணிக்குப் பயிற்சியாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்கள் வாங்கிய கோல்கீப்பர். பெல்ஜியத்துடன் ஷூட்-அவுட் வரை போன காலிறுதியில் கோல் முகத்தில் நின்று காப்பாற்றிய பிரின்ஸ்தீப் சிங்குக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைத்திருக்க முடியாது. ஹாக்கி ஷூட்-அவுட்டில் அடிப்பவருக்குக் கொடுக்கும் நேரமும் எட்டு வினாடிதான் என்பது ஒரு தற்செயல்.

கபடியைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ரெய்டு போய்ச் சும்மா கோட்டைத் தொட்டுத் திரும்பி நேரம் கடத்துவது அந்தக் காலத்து வித்தை. இப்போது புரோ கபடியில் இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆகணும். இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அந்த விளையாட்டில் மட்டும் இந்தத் தொல்லையே இல்லை. யோசிப்பவரின் கடிகாரம்தான் ஓடும். நேரத்தை வீணாக்குபவர் தன் சொந்தப் பையிலிருந்து செலவழிக்கிறார். பத்தாவது சுற்றில் குகேஷ் வெற்றி வாய்ப்பு கையில் இருந்தும் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றபோது, பலகைக்குப் பக்கத்தில் ஓடிய கடிகாரமும் ஒரு எதிராளியாகத்தான் இருந்தது. ஃபுட்பாலில் அப்படி இல்லை. கோல்கீப்பர் செலவழிப்பது இருபத்தோரு பேரின் நேரத்தை.

சரி, இந்த எட்டு வினாடி செங்கல்பட்டு மாவட்டத்தில் யாரைத் தொடும்?

நிறையப் பேரை. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். நாளைய பி.இ.டி. வாத்தியார்கள் அங்கே உருவாகிறார்கள். பள்ளி ஆட்டங்களில் விசிலைப் பிடிப்பவர்களும் பெரும்பாலும் பி.இ.டி. வாத்தியார்கள்தான். தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., இன்னும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள். மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் நடத்தும், பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஃபுட்பால் பயிற்சிப் பள்ளி. அங்கே கையுறை மாட்டும் சிறுவனுக்கு 'பிடித்ததும் படு' என்று சொல்லித்தந்த காலம் போய், 'பிடித்ததும் தலையைத் தூக்கு, யார் தனியாக நிற்கிறான் பார்' என்று சொல்லித்தர வேண்டிய காலம் இது. எட்டு வினாடி குறைவு இல்லை. ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள், பந்தோடு பெட்டியின் விளிம்புவரை நடந்தே போய்விடலாம். பதறி உதைக்கும் பையன்களுக்குத்தான் அது குறைவாகத் தெரியும்.

வெறும் விளையாட்டுதானே என்று விடவும் முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள். அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. அதற்கெல்லாம் எந்த அளவுப் போட்டியில் ஆடினாய், என்ன இடம் பிடித்தாய் என்ற சான்றிதழ் வேண்டும். மாவட்ட அளவில் ஓர் அரையிறுதி கடைசி நிமிடத்தில் மாறினால், பதினொரு வீட்டில் கணக்கு மாறும். மாற்றுவது எதிரணியின் திறமையாக இருக்கட்டும், கோல்கீப்பரின் தூக்கமாக இருக்க வேண்டாம் என்று கேட்பது நியாயம்தானே?

இன்னொன்றும் உண்டு. டி.வி.யில் பார்க்கும் ஆட்டத்தில் வீணான நேரத்தை ரெஃப்ரி கடைசியில் சேர்த்துவிடுவார். ஊர்ப் போட்டிகளில் அது நடக்காது. காலையில் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு ஆட்டம் முடியணும். இருபது இருபது நிமிடம், அடுத்த இரண்டு அணியும் ஜெர்ஸி மாட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கும். போன நேரம் போனதுதான். நேரம் கடத்துபவருக்கு அதிக லாபம் கிடைப்பது பெரிய ஸ்டேடியத்தில் அல்ல, சவுக்குக் கம்பு நட்ட இந்த மைதானங்களில்தான். எட்டு வினாடி விதி அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான். அதற்கு ஐந்து விரல் போதும். கேமரா வேண்டாம், இன்னொரு நடுவர் வேண்டாம்.

போட்டி நடத்துபவர்கள் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது நல்லது. எட்டு வினாடி எப்போது தொடங்கும் என்பதில்தான் சண்டை வரும். பந்து கோல்கீப்பரின் இரு கைக்குள்ளோ, கைக்கும் தரைக்கும் நடுவிலோ, விரித்த உள்ளங்கையிலோ வந்து நின்றால் அவர் வசம் வந்துவிட்டது என்று அர்த்தம். படுத்திருந்தாலும் கணக்கு ஓடும். தரையில் தட்டித் தட்டி நடந்தாலும் ஓடும். எதிராளி முன்னால் நின்று மறித்தால் ஓடாது, அது எதிராளி குற்றம். கோல்கீப்பர் நின்ற இடத்துக்கு எந்த மூலை பக்கமோ, அங்கிருந்து கார்னர். முதல் தடவைக்கு மஞ்சள் அட்டை கிடையாது, திரும்பத் திரும்பச் செய்தால் உண்டு.

ஓட்டை இல்லாத விதி உண்டா? காயம்பட்டுச் சிகிச்சை வாங்கும் மற்ற ஆட்டக்காரர்கள் பொதுவாக வெளியே போய்விட்டுத்தான் திரும்ப வர முடியும். கோல்கீப்பருக்கு மட்டும் அதில் விலக்கு. அவர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாதே. அதனால் இப்போதெல்லாம் நெருக்கடியான நேரத்தில் கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். ஸ்ப்ரே டப்பாவோடு ஒருவர் ஓடிவருகிறார். மீதிப் பத்துப் பேரும் ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தபடி கோச் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லாரும் கேட்டு முடித்ததும் தொடை சரியாகிவிடுகிறது. உண்மையிலேயே வலிக்கும் தொடை எது, கோச்சைப் பார்த்ததும் வலிக்கும் தொடை எது என்று எண்ணிச் சொல்ல ரெஃப்ரிக்கு ஐந்து விரல் போதாது.